கைராசியும் வைஃபை கார்டும்

வேலையை விட்டு வந்த பிறகும் என்னை விடாமல் துரத்துவது ஒரே வாக்கியம்தான்: "அக்கா, வைஃபை வரல." பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மாதா கோவில் பாடகர் குழுவின் கீபோர்டுக்காரர், என் நாத்தனார் மகள் என்று யாராவது ஒருவர் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். திட்டிக்கொண்டேதான் செய்து கொடுப்பேன். ஆனால் செய்து கொடுத்துவிடுவேன்.

போன வாரம் பழைய கம்பெனியிலிருந்து பிரவீன் பேசினான். சிஸ்டம் டிபார்ட்மென்ட்டில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான். "அக்கா, ஒரு பழைய மிஷின்ல லினக்ஸ் போட்டேன். வயர்லெஸ் கார்டு தானா எடுத்துக்கிச்சு, பாஸ்வேர்டு கேட்டுச்சு, அவ்ளோதான் வேலை. இதுக்கா அந்தக் காலத்துல நாள்கணக்குல மாரடிச்சீங்க?" என்று சிரித்தான்.

எனக்கு வந்ததே கோபம்! "தானா எடுத்துக்கிச்சாம்ல, தானா! வைடா போனை" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு வயர்லெஸ் கார்டினால் ஒரு பெண்ணுக்கு என்ன பாடு வந்தது என்பது அங்கே இன்றைக்கு வேலை பார்க்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஸ்டெல்லா. ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். "இது உனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நீண்டுவிட்டது, இன்று வரை சுருங்கவில்லை. பிறகு ஒரு தோல் ஏற்றுமதி ஆபீஸில் டேட்டா என்ட்ரி. அங்கே கம்ப்யூட்டர் கெட்டால் ஆள் வரும்வரை காத்திருக்காமல் நானே கழற்றிப் பார்ப்பேன். அந்தக் கெட்ட பழக்கம்தான் பின்னால் சோறு போட்டது. ஒரகடத்தில் கார் சீட் செய்யும் தொழிற்சாலை தொடங்கியபோது சிஸ்டம் டிபார்ட்மென்ட்டுக்கு ஆள் எடுத்தார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, மடியில் டூல் பையை வைத்துக்கொண்டு போன முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது.

எனக்கு வாய்த்த அதிகாரி கோதண்டராமன் சார். மேனேஜர் என்றாலும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர் இருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்த மிஷின் படுத்தாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார், சீக்கிரத்தில் தொடமாட்டார். நாம் போய் நின்றால் "என்ன பிரச்சனை?" என்று கேட்கமாட்டார். "என்னம்மா பாத்தே?" என்பதுதான் அவருடைய கேள்வி. "டிரைவர் போயிருக்கும்னு நெனைக்கிறேன் சார்" என்று ஆரம்பித்தால் போதும், டிராஃபிக் போலீஸ் மாதிரி உள்ளங்கையைக் காட்டுவார். "நெனச்சதை அப்புறம் சொல்லலாம். பாத்ததைச் சொல்லு." முதல் வருஷம் முழுக்க எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மனுஷன் ஒரு வார்த்தை ஊகிக்க விடமாட்டேன் என்கிறாரே என்று பல்லைக் கடிப்பேன்.

தொழிற்சாலைக்குள் லினக்ஸைக் கொண்டு வந்ததும் அவர்தான். அதற்குக் காரணம் பாட்டு. ஷிப்ட்டுக்கு வரும் பையன்கள் ஒருவர் விடாமல் பென் டிரைவில் பாட்டு வைத்திருப்பார்கள். உற்பத்தி கம்ப்யூட்டரில் சொருகி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள். பாட்டோடு வைரஸும் வரும். லேபிள் அடிக்க வேண்டிய கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழும். எத்தனை தடவை துடைத்தாலும் அடுத்த வாரம் திரும்ப வந்து நிற்கும். ஒருநாள் கோதண்டராமன் சார், "அவங்க பாட்டை நிறுத்த முடியாது. கம்ப்யூட்டரை மாத்திடலாம்" என்றார். அப்படித்தான் லைன் ஓரத்து மிஷின்கள் எல்லாம், விண்டோஸ் வைரஸ் ஒட்டாத லினக்ஸுக்கு மாறின.

வயர்லெஸ் கார்டு வந்தது ஃபோர்க் லிஃப்ட்டின் உபயம். சரக்கு ஏற்றி அனுப்பும் டிஸ்பேட்ச் பக்கம் இழுத்த நெட்வொர்க் கேபிளைப் பெட்டி தூக்கும் அந்த வண்டி ஏறி ஏறி நசுக்கும். குழாயில் விட்டுப் பார்த்தோம், குழாயையும் நசுக்கியது. சரி, கம்பியே வேண்டாம் என்று தூண் மேல் ஒரு வைஃபை பெட்டியை மாட்டி, கம்ப்யூட்டருக்குள் சின்ன ஆண்டெனா வைத்த கார்டைப் பொருத்தினோம்.

அன்றைக்கு லினக்ஸில் வயர்லெஸ் கார்டு என்றால் கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற வேலை. கார்டுக்குள் இருக்கும் சிப் எது என்று பார்க்க வேண்டும். அதை ஓட்டும் டிரைவர் மென்பொருள் உண்டா என்று பார்க்க வேண்டும். டிரைவர் இருந்தாலும் ஃபர்ம்வேர் என்று தனியாக ஒரு கோப்பைக் கேட்டு அடம் பிடிக்கும். இதில் வேடிக்கை, கம்பெனிக்காரன் பெட்டியை மாற்றாமல் உள்ளே சிப்பை மட்டும் மாற்றிவிடுவான். முதலில் வாங்கிய கார்டு அருமையாக ஓடியது. அதே பெயரில் அடுத்து வந்தது அசையவே இல்லை. பர்ச்சேஸ் தனசேகர் சாரிடம் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

"பொட்டி அதே பொட்டி, பேரு அதே பேரு. உனக்கு இன்னாம்மா வேணும்?"

"உள்ள இருக்கிற சிப்பு வேற சார். மாட்டிப் பாத்துட்டு வாங்கணும்."

"மாட்டிப் பாத்தா? இது இன்னா செருப்புக் கடையா, கால்ல போட்டுப் பாத்து வாங்க?"

கடைசியில் என்னையே கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரரின் கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொரு கார்டாக நான் மாட்டிப் பார்க்க, தனசேகர் சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் "இன்னா ஸ்டெல்லா, சைஸ் சரியா கீதா?" என்று கேட்பதை அவர் நிறுத்தவே இல்லை.

இப்படி அடிபட்டு எனக்கென்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. வைஃபை வரவில்லை என்றால் கம்ப்யூட்டருக்கு முதலில் கார்டு கண்ணில் படுகிறதா என்று பார்ப்பேன். பட்டால், டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒட்டியிருக்கின்றனவா என்று கேட்பேன். அடுத்து, எங்காவது சுவிட்ச் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்களா. இவ்வளவும் சரி என்றால் சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த நெட்வொர்க்கின் பெயர் கேட்கிறது என்று ஒரு பட்டியல் போடச் சொல்வேன். நம் பெயர் கேட்டால்தான் பாஸ்வேர்டு, முகவரி எல்லாம். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்த அன்றெல்லாம் மூக்கு உடைந்திருக்கிறது.

இனி, கார்டினால் பாடுபட்டாள் என்று முதலில் சொன்னேனே, அந்த இசக்கியின் விஷயத்துக்கு வருகிறேன். மின்வெட்டு நாட்டை ஆட்டிப் படைத்த வருஷம் அது. எங்கள் பக்கம் பெரும்பாலும் காலையில்தான் கரண்ட் போகும். சற்று நேரத்தில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும்.

இசக்கி வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். கான்ட்ராக்டர் மூலம் வந்தவள், ஒரகடத்தில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். கை சுறுசுறுப்பு, பேச்சு அதைவிடச் சுறுசுறுப்பு. அவளை டிஸ்பேட்சில் லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார்கள். பொறுப்பான இடம். கார் கம்பெனியின் லைனில் என்ன வரிசையில் கார் வருகிறதோ, அதே வரிசையில் எங்கள் சீட் லாரியில் ஏற வேண்டும். அந்த வரிசை நெட்வொர்க் வழியாக வரும், லேபிள் அடிக்கும், ஒட்டி ஏற்றுவார்கள். லேபிள் நின்றால் லாரி நிற்கும். லாரி நின்றால் கார் லைன் நிற்கும். கார் லைன் நின்றால் எங்கள் ஆட்கள் யாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது.

இசக்கி உட்கார்ந்த கொஞ்ச நாளில் அந்தக் கம்ப்யூட்டர் படுக்கத் தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நெட்வொர்க் போய்விடும். அவள் அணைத்துப் போடுவாள், வராது. திரும்ப அணைத்துப் போடுவாள், வராது. டிஸ்பேட்ச் சூப்பர்வைசர் அற்புதராஜ் ஓடி வருவார். ஒருநாள் பதற்றத்தில் அவர் எலக்ட்ரீஷியன் மணியைக் கூப்பிட்டார். மணி வந்தார், அணைத்துப் போட்டார், வந்துவிட்டது. மறுநாள் அதே கதை. இசக்கி கை வைத்தால் வராது, மணி கை வைத்தால் வரும். சில நாள் மணி இரண்டு தரம் அணைத்துப் போட வேண்டியிருக்கும், ஆனால் வந்துவிடும். இரவு ஷிப்ட்டில் ஆண்கள்தான். அங்கே ஒரு தொந்தரவும் இல்லை.

போதாதா? மணி கைராசிக்காரர் ஆனார். இசக்கி ராசியில்லாதவள் ஆனாள். லேபிள் பிரின்ட்டர் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வந்து உட்கார்ந்தது.

சிஸ்டம் டிபார்ட்மென்ட் ஒரு கோடியில், டிஸ்பேட்ச் மறுகோடியில். போன் வந்து நான் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்வதற்குள் மணி சரிசெய்திருப்பார். சரியாக ஓடும் கம்ப்யூட்டரில் நான் எதைப் பார்ப்பது? ஒரே ஒரு நாள், படுத்துக் கிடக்கும்போதே போய்ப் பிடித்தேன். கார்டு தெரிந்தது. டிரைவர் ஒட்டியிருந்தது. அடைப்பு இல்லை. பட்டியல் போடச் சொன்னேன். ஆபீஸ் நெட்வொர்க் கேட்டது, பக்கத்துக் கம்பெனிக்காரனுடையதுகூடக் கேட்டது. தலைக்கு மேல் தூணில் இருக்கும் எங்கள் டிஸ்பேட்ச் வைஃபை பெட்டி மட்டும் கேட்கவில்லை. கையோடு கொண்டு போயிருந்த விண்டோஸ் லேப்டாப்பில் அதுவும் கேட்டது. அதற்குள் "லாரி நிக்குது மேடம், நவுருங்க" என்று என்னைத் தள்ளிவிட்டு மணியை உட்கார வைத்துவிட்டார்கள். கார்டை மாற்றிப் பார்த்தேன். பலனில்லை.

அற்புதராஜ் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மழை பெய்தால் தன் குடையை லோடிங் ஆட்களிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போகிற ஆள். ஆனால் ராசி என்று வந்துவிட்டால் அவரிடம் பேச முடியாது.

"வர சனிக்கிழமையோட அந்தப் பொண்ணைக் கான்ட்ராக்டர்கிட்ட திருப்பி அனுப்பிடலாம்னு கீறேன் மேடம்," என்றார் ஒருநாள்.

"எதுக்கு? வேலை சரியில்லையா?"

"வேலையெல்லாம் சூப்பர். ராசிதான் இல்ல. அது ஒக்காந்தா மிஷின் படுத்துக்குது, மணி தொட்டா எய்ந்துக்குது. நான் இன்னா பண்றது, கண்ணால பாக்குறேனே!"

"ஏங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முன்வரிசையில உக்காந்துட்டு, திங்கக்கிழமை வந்து கைராசி பேசறீங்களே, வெக்கமா இல்ல?"

"அது வேற மேடம். இது டிஸ்பேட்ச்சு."

நான் திரும்பி வரும்போது காலை தரையில் உதைத்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு ஆத்திரம்.

அன்று கேன்டீனில் இசக்கி தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டியளே? நெசமாவே எனக்கு ராசி இல்லையோ?"

"உதை வாங்குவே."

"இல்லக்கா, அதே மாதிரிதான நானும் ஆஃப் பண்ணிப் போடுதேன். மணி அண்ணன் போட்டா வருது, நான் போட்டா வர மாட்டேங்குது. நானும் எத்தன நாளு கண்ண மூடி சாமிய கும்பிட்டுட்டுப் போட்டுப் பாத்துட்டேன்."

"வேற வேலை பாத்துக்கலாம்டி. இந்தக் கம்பெனி இல்லன்னா இன்னொண்ணு."

"வேலைக்கு இல்லக்கா." அவள் கண் நிறைந்துவிட்டது. "ஹாஸ்டல்ல பாதிப் பேரு எங்க ஊரு பக்கத்துப் பிள்ளைகதான். நான் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி இந்தப் பேச்சு ஊருக்குப் போயிரும். ஏற்கெனவே எங்க அக்கா கல்யாணம் நின்னு போனப்போ என்னயத்தான் ஒரு மாதிரிப் பாத்தாவ. இப்போ கம்பெனிலயே ராசி இல்லன்னு அனுப்பிட்டாங்கன்னா, பொறவு நான் எந்த வீட்டு வாசல்ல போயி நிக்க? ஒரு சடங்கு வீட்டுக்குப் போக முடியுமா?"

நான் அதுவரை அந்தக் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் ஆயுசுக்கும் சுமக்கப் போகும் பெயரை நான் யோசிக்கவே இல்லை. அவள் தட்டை என் பக்கம் இழுத்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு, "சனிக்கிழமைக்குள்ள பாக்கலாம். சாப்பிடு" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். வழி ஒன்றும் கையில் இல்லை.

கோதண்டராமன் சாரிடம் போனேன். "சார், லினக்ஸ் கார்டுல ஏதோ கோளாறுன்னு நெனை..." உள்ளங்கை வந்துவிட்டது.

"என்ன பாத்தே?"

மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னேன். "கார்டுக்கு மத்த நெட்வொர்க் எல்லாம் கேக்குது. டிஸ்பேட்ச் பெட்டி மட்டும் கேக்கல. லேப்டாப்புக்கு அதுவும் கேக்குது."

"மணி என்ன பண்றார்?"

"ஆஃப் பண்ணிப் போடறார் சார்."

"பாத்தியா, கேட்டியா?"

கேட்டதுதான். மணி வேலை செய்வதை ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

"போய் அங்கயே உக்காரு," என்றார். "எதையும் தொடாதே. கையைப் பின்னால கட்டிக்கோ."

மறுநாள் காலை டிஸ்பேட்சில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குத் தண்டனை. வழக்கம்போல் கரண்ட் போனது. இசக்கியின் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். உண்டு, அது அணையவில்லை. ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் வந்தன. இசக்கி திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். போய்விட்டது. அணைத்துப் போட்டாள், வரவில்லை. அற்புதராஜ் கத்தினார், "மணீ! வா மணீ!"

மணி டீ கிளாஸோடு வந்தார். கிளாஸை வைத்தார். நேராகக் கம்ப்யூட்டரிடம் போகவில்லை. பின்னால் இருந்த தூணுக்குப் போய், மின்சாரப் பெட்டியைத் திறந்து, அந்த மூலைக்கான பிரேக்கரைக் கீழே தள்ளினார். எலக்ட்ரீஷியன் பழக்கம், எதைத் தொடுவதற்கு முன்பும் மெயினை அணைத்துவிடுவது. கம்ப்யூட்டரை அணைத்தார். பிரேக்கரை மேலே தூக்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், கம்ப்யூட்டரைப் போட்டார். ஓடியது. அந்த மின்சாரப் பெட்டியில் "எலக்ட்ரீஷியன் தவிர யாரும் தொடக் கூடாது" என்று சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. இசக்கி எப்படித் தொடுவாள்?

நான் அண்ணாந்து பார்த்தேன். பிரேக்கரிலிருந்து போன ஒயர் தூணின் மேலே ஏறி, வைஃபை பெட்டிக்குள் நுழைந்தது. இருவரும் கம்ப்யூட்டரை ஒரே மாதிரிதான் அணைத்துப் போட்டார்கள். மணி மட்டும், தனக்கே தெரியாமல், வைஃபை பெட்டியையும் அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாதி கிடைத்துவிட்டது. மீதிக்கு லேப்டாப்பில் அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பழைய பெட்டி எரிந்து போனதால் இசக்கி வந்த சமயத்தில்தான் கான்ட்ராக்ட் ஆட்கள் இந்தப் புதுப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். சேனல் என்ற இடத்தில் "தானியங்கி" என்று இருந்தது. வைஃபைக்கு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி பல சேனல்கள் உண்டு. யு.பி.எஸ். இல்லாத இந்தப் பெட்டி, கரண்ட் போய் வந்து ஒவ்வொரு தரம் உயிர் பெறும்போதும் எந்தச் சேனலில் நெரிசல் இல்லை என்று பார்த்து அங்கே போய் உட்காரும். இரவில் நெரிசல் இல்லை. பகலில் ஆபீஸும் பக்கத்துக் கம்பெனியும் மற்ற இடங்களைப் பிடித்திருக்கும். இது காலியாகக் கிடக்கும் பன்னிரண்டுக்கோ பதின்மூன்றுக்கோ போய்விடும். நம் நாட்டில் பதின்மூன்று வரை அனுமதி. அமெரிக்காவில் பதினொன்றோடு சரி. எங்கள் லினக்ஸ் பதிப்பு, எந்த நாடு என்று யாரும் சொல்லாவிட்டால் அமெரிக்கா என்று தானே முடிவு செய்துகொள்ளும். பதினொன்றுக்கு மேலே உள்ள சேனல்களைக் காது கொடுத்தும் கேட்காது. மணி அணைத்துப் போட்டால் பெட்டி மறுபடி இடம் தேடி, ஒன்றிரண்டு தரத்தில் கீழ்ச் சேனல் எதிலாவது வந்து உட்கார்ந்துவிடும்.

ஒரகடத்தில், சீட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கார்டு தான் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது! நான் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்து லோடிங் ஆட்கள், இந்த மேடத்துக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

"நீ இந்தியாவில் இருக்கிறாய்" என்று சொல்ல ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். இசக்கியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கீபோர்டில் கை வைக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி பண்ணிட்டுப் போயிராதீங்கக்கா. மிஷினு சரியாயிரும். என் பேரு?"

"என்னடி சொல்றே?"

"நீங்க வந்து சரி பண்ணினா, மேடம் வந்து சரி பண்ணினாங்கம்பாவ. நான் ராசி இல்லாதவளாத்தான் இருப்பேன். எல்லாரும் பாக்கணும்கா."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கோதண்டராமன் சாரிடம் சொன்னோம். "லாரி கெளம்பினப்புறம் செய்யுங்க," என்றார். பிறகு, "நானும் வரேன்" என்று எழுந்தார். கூட்டம் கூடும் இடத்துக்கு அவர் தானாக எழுந்து வந்தது எனக்கே ஆச்சரியம்.

லாரி கிளம்பியது. டீ இடைவேளை. மொத்த டிஸ்பேட்சும் கூடிவிட்டது. நான் லேப்டாப்பில் வைஃபை பெட்டியைப் பதின்மூன்றாம் சேனலிலேயே ஆணி அடித்த மாதிரி நிறுத்தினேன். லேபிள் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் போயிற்று.

"மணி அண்ணே, கை வைங்க," என்றேன்.

மணி பிரேக்கரை இறக்கினார், ஏற்றினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், போட்டார். வரவில்லை. திரும்பவும். வரவில்லை. யாரோ பின்னாலிருந்து, "இன்னா மணி, கை கழுவிக்கினு வந்தியா?" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. மூன்றாம் முறை அற்புதராஜே எலுமிச்சம்பழத்தை எடுத்து மணி கையில் கொடுத்தார். அதற்கும் வரவில்லை.

மணி பழத்தை மேஜையில் வைத்தார். "சார், எனக்கு இந்த ராசியே வேணாம் சார். தெனிக்கும் டீ ஆறிப்பூடுது" என்றார்.

இசக்கி உட்கார்ந்தாள். பிரேக்கரைத் தொடவில்லை, கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்த அந்த ஒரு வரியை அடித்தாள், என்டர் தட்டினாள். பட்டியலில் எங்கள் நெட்வொர்க்கின் பெயர் வந்து நின்றது. பிரின்ட்டர் கர்ரென்று லேபிளைத் துப்பத் தொடங்கியது. லோடிங் ஆட்கள் விசில் அடித்தார்கள்.

கோதண்டராமன் சார் கையைப் பின்னால் கட்டியபடியே அற்புதராஜ் பக்கம் திரும்பினார். "என்ன பாத்தீங்க?"

"அது வந்து சார், நான் இன்னா நெனைக்கிறேன்னா..."

உள்ளங்கை.

அற்புதராஜ் பிரின்ட்டரைப் பார்த்தார். "மணி தொட்டான், வர்ல. பொண்ணு தொட்டுச்சு, வந்துச்சு."

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு சார் போய்விட்டார்.

அந்த வரியைக் கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் தானே ஓடும்படி எழுதி வைத்தேன். தூண் மேல் இருந்த பெட்டிக்கும் யு.பி.எஸ். கொடுத்தோம். சனிக்கிழமை வந்தது, போனது, இசக்கி எங்கும் போகவில்லை. அற்புதராஜ் ஒரு பை நிறைய கொய்யாப்பழம் கொண்டு வந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதை எல்லாருக்கும் பங்கு வைத்தாள், அவருக்கும் ஒன்று கொடுத்தாள்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அற்புதராஜை எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அன்று கண்ணால் பார்த்ததை அவர் தன் வழியில் எடுத்துக்கொண்டார். மணியிடமிருந்த ராசி இப்போது இசக்கியிடம் வந்துவிட்டது, அவ்வளவுதான். "அந்தப் பொண்ணு கை வெச்சா தொலங்கும்" என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினார். யாராவது புது வண்டி வாங்கினால் அவளை ஒரு தடவை உட்காரச் சொன்னார்கள். ஹாஸ்டலில் பரீட்சை எழுதப் போகிற பெண்கள் அவள் கையால் பேனா வாங்கிக்கொண்டு போனார்களாம். அவள் என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பாக இருக்காது.

சீட்டுக்கு ஸ்பாஞ்சு வார்க்கும் புது மிஷின் வந்தபோது பெரிய பூஜை போட்டார்கள். மாலை, சந்தனம், பூசணிக்காய், எல்லாம் ஆயிற்று. பெரிய அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். அற்புதராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இசக்கியைக் கையோடு அழைத்து வந்தார். "சார், இந்தப் பொண்ணு போடட்டும் சார். ராசியான கை."

எல்லாரும் கை தட்டினார்கள். இசக்கி பச்சைப் பொத்தானுக்கு முன்னால் போய் நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் அழுத்தப் போகிறாள் என்று நானும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவள் அழுத்தவில்லை. திரும்பினாள்.

"நாளைக்கு இந்த மிஷினு படுத்துச்சுன்னா என்னண்ணே சொல்லுவிய?"

அற்புதராஜ் மிஷின் மேல் இருந்த மாலையைச் சரிசெய்யப் போனார்.

"எனக்கு ராசி இருக்குன்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க," என்றாள். "யாரு போட்டாலும் ஓடும்ணே. நீங்களே போடுங்க."

அவள் அவருக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றாள். அற்புதராஜ் பெரிய அதிகாரிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

மிஷின் ஓடியது.

"கண்ணத் தொறங்கண்ணே," என்றாள் இசக்கி.